ஒரே மாடலில் இரண்டு வாங்குங்கள், தம்பி

கேள்வி: வணக்கம் அண்ணா. காரைக்குடிப் பக்கம் சின்ன ஊரில் ஸ்டூடியோ வைத்திருக்கிறேன். நான்கு வருடம் வேறொருவரிடம் இரண்டாவது ஆளாகக் கல்யாணம் எடுத்தேன். வரும் தை முதல் பங்குனி வரை சொந்தமாக ஏழு கல்யாணத்துக்கு அட்வான்ஸ் வாங்கியிருக்கிறேன். நடுவில் குழந்தைகள் படம், நிச்சயமான ஜோடிகளை வெளியில் வைத்து எடுக்கும் போர்ட்ரெய்ட் வேலையும் வருகிறது. கையில் இருப்பது கேனான் 80டி, 18-135 லென்ஸ், 50 எஃப் 1.8, 85 எஃப் 1.8, ஒரு பிளாஷ். சேமிப்பு ஒன்றரை லட்சம். நகையை வைத்து இன்னொரு ஒன்றரை லட்சம் தருவதாக அம்மா சொல்கிறார். அந்த மூன்று லட்சத்தில் 45 மெகாபிக்சல் ஆர்5 ஒன்று வாங்கிக்கொண்டு 80டி-யை ஸ்பேராக வைத்துக்கொள்வதா, இல்லை புது ஆர்8 இரண்டு வாங்குவதா? பெரிய ஆல்பத்துக்கு மெகாபிக்சல் வேண்டும் என்று லேபில் சொல்கிறார்கள். 80டி-யை விற்றுவிடலாமா?

பதில்:

அன்புத் தம்பிக்கு,

முடிவை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆர்5 வேண்டாம், ஆர்8-உம் வேண்டாம். 2020-இல் வந்த முதல் ஆர்6, பழையதாக இரண்டு வாங்குங்கள். ஒன்று இப்போதே, உங்கள் சேமிப்பிலிருந்து. இன்னொன்று பங்குனி முடிந்த பிறகு, இந்த ஏழு கல்யாணத்தில் வருகிற பணத்திலிருந்து. அதுவரை இரண்டாவது ஆர்6-ஐ வாடகைக்கு எடுங்கள். அம்மாவின் நகை பீரோவிலேயே இருக்கட்டும்.

உங்கள் கடிதத்தில் எனக்கு உறுத்தியது ‘ஸ்பேர்’ என்ற சொல்தான். காரில் ஸ்டெப்னி கிடப்பதுபோல, பைக்குள் ஒரு கேமரா கிடந்தால் போதும் என்று நினைக்கிறீர்கள். கல்யாணத்தில் இரண்டாவது பாடி (லென்ஸ் மாட்டுகிற கேமரா உடல்) காலை முதல் இரவு வரை உங்கள் தோளில் தொங்குகிற ஒன்று. தாலி கட்டுகிற நேரத்தை எடுத்துக்கொள்ளுங்கள் (உங்கள் பக்கத்து நகரத்தார் வீடுகளில் திருப்பூட்டு என்பார்கள்). கெட்டிமேளம் கேட்டதும் உட்கார்ந்திருந்த சனம் எல்லாம் எழுந்து அட்சதையோடு முன்னால் வரும். பல வீடுகளில் மாப்பிள்ளை ஒரு முடிச்சுப் போட்டதும் மீதி இரண்டை நாத்தனார் போடுவார். எல்லாம் சேர்த்து அரை நிமிடம்கூட இருக்காது. அதற்குள் உங்களுக்குக் குறைந்தது இரண்டு படம் வேண்டும். தாலியும் கைகளும் சுற்றி நிற்கிறவர்களும் ஒன்றாகத் தெரிகிற அகலமான படம் ஒன்று, பெண்ணின் அம்மா முகம் ஒன்று. இரண்டாவது படத்துக்கு, தள்ளி நிற்கும் முகத்தை நெருக்கிக் காட்டும் 85 லென்ஸ் வேண்டும். லென்ஸைக் கழற்றி மாட்ட எனக்கு இன்றைக்கும் பத்துப் பதினைந்து நொடி பிடிக்கிறது. ஓமப் புகையும் மஞ்சள் அரிசியும் பறக்கிற இடத்தில் சென்சாரை (கேமராவுக்குள் படம் பதிகிற தகட்டை) திறந்து காட்டுவதும் நல்லதில்லை. ஒரு பாடியில் அகல லென்ஸ், இன்னொன்றில் 85 என்று தோளுக்கு ஒன்றாக மாட்டிக்கொண்டால் அம்மாவின் முகம் தப்பாது. இரண்டு பாடி என்பதற்கு முதல் காரணம் இதுதான். ஒன்று பழுதானால் இன்னொன்று இருக்கும் என்பது அதற்கு அடுத்ததுதான்.

இப்போது ஆர்8. நல்ல கேமராதான். ஆர்6 மார்க் 2-இல் இருக்கும் அதே 24 மெகாபிக்சல் சென்சார். எடையும் குறைவு. ஆனால் அதில் ஒரு கார்டுதான் போட முடியும். கல்யாணம் எடுக்கிறவருக்கு அதோடு பேச்சு முடிந்தது என்பது என் கருத்து. (கை நடுக்கத்தைச் சமன்செய்யும் வசதி பாடிக்குள் இல்லை, பேட்டரியும் சின்னது. அவற்றைக்கூடச் சமாளித்துவிடலாம்.)

ஏன் இவ்வளவு பிடிவாதம் என்றால், எனக்கு நடந்திருக்கிறது. தொழிலுக்கு வந்து மூன்றாவது வருடம். ஒரே கார்டு போடுகிற ஒரே கேமரா வைத்திருந்தேன். விடியற்காலை முகூர்த்தம் நன்றாக முடிந்தது. பந்தியில் படம் எடுத்துக்கொண்டிருக்கும்போது கார்டைப் படிக்க முடியவில்லை என்று திரையில் வந்தது. கழற்றிப் போட்டேன், துடைத்துப் போட்டேன், ஒன்றும் நடக்கவில்லை. பிறகு மென்பொருள் போட்டு மீட்டுப் பார்த்ததில் மாப்பிள்ளை அழைப்புப் படங்கள் வந்தன, மாலை மாற்றியது பாதி வந்தது. தாலி கட்டிய படம் ஒன்றுகூட வரவில்லை. பெண்ணின் அப்பாவிடம் நானே போய்ச் சொன்னேன். அவர் திட்டவில்லை. “வீடியோவுல இருக்கும்ல தம்பி” என்று கேட்டார். வீடியோவிலிருந்து ஒரு காட்சியைப் பிரித்தெடுத்துத்தான் ஆல்பத்தில் வைத்தோம். பக்கத்துப் படங்கள் தெளிவாக இருக்க, அது ஒன்று மட்டும் மங்கலாக இருந்தது. அந்தப் பெண்ணுக்கு இனி எப்போதும் அந்தப் படம்தான். வாங்கிய பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன், ஆனால் அது எந்த விதத்திலும் ஈடு இல்லை.

ஆர்6-இல் எஸ்.டி. கார்டு இரண்டு போடலாம். வாங்கின அன்றே மெனுவில் போய், எடுக்கிற ஒவ்வொரு படமும் இரண்டு கார்டிலும் பதியும்படி வைத்துவிடுங்கள். ஒரு கார்டு நிறைந்ததும் அடுத்ததுக்குப் போகிற அமைப்பும் அங்கே இருக்கும். அது கல்யாண வேலைக்கு உதவாது. இரண்டு கார்டும் ஒரே அளவாக இருக்கட்டும். வீட்டுக்கு வந்ததும் ஒன்றைக் கணினியில் இறக்குங்கள். இன்னொன்றை ஆல்பம் கொடுத்து முடிக்கும்வரை அழிக்காமல் தனி இடத்தில் வையுங்கள். ஏழு கல்யாணத்துக்கும் சேர்த்துக் கார்டுச் செலவு கொஞ்சம் கூடும்தான். அதில் மிச்சம் பிடிக்க வேண்டாம்.

அடுத்து, லேபில் சொன்ன மெகாபிக்சல் விஷயம். காகிதத்தில் கணக்குப் போட்டுப் பாருங்கள். உங்கள் பக்கம் அதிகம் போவது 12க்கு 36 ஆல்பம் என்று வைத்துக்கொள்வோம். விரித்தால் 36 அங்குலம், ஒரு பக்கம் 12க்கு 18. ஒரு அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் அச்சிட ஒரு பக்கத்துக்கு 5400க்கு 3600 புள்ளி வேண்டும். ஆர்6 கொடுப்பது 5472க்கு 3648. அதாவது ‘வெறும் 20 மெகாபிக்சல்’ என்று எல்லோரும் ஒதுக்குகிற கேமரா, ஆல்பத்தின் ஒரு முழுப் பக்கத்தை வெட்டாமல் நிரப்பி, துளி மிச்சமும் வைக்கிறது. விரித்த முழு 36 அங்குலத்துக்கும் ஒரே படத்தைப் போட்டால் அங்குலத்துக்கு 150 புள்ளிக்கு வந்துவிடும். அந்த அளவுப் படத்தை யாரும் மூக்கில் ஒட்டிப் பார்ப்பதில்லை, கையெட்டும் தூரத்தில் வைத்துப் பார்க்கையில் குறை தெரியாது. சட்டம் போட்டு மாட்டுகிற 24க்கு 36 படத்துக்கும் இதே கணக்குதான். உங்கள் 80டி-யே 24 மெகாபிக்சல். உங்கள் படங்களில் இதுவரை குறை இருந்திருந்தால் அது மெகாபிக்சலால் வந்திருக்காது.

45 மெகாபிக்சலுக்கு ஒரு செலவும் உண்டு. ஆர்5-இல் ஒரு ரா படம் (திருத்துவதற்கென்று கேமரா பதியும் மூலக் கோப்பு) 45 எம்.பி.யைத் தொடும், ஆர்6-இல் 20 எம்.பி. சுற்றித்தான். ஒரு கல்யாணத்தில் நாலாயிரம் படம் என்றால் அங்கே 180 ஜி.பி., இங்கே 80 ஜி.பி. அதை இரண்டு கார்டு, ஒரு ஹார்ட் டிஸ்க், அதற்கு ஒரு நகல் என்று பெருக்கிப் பாருங்கள். ஆர்5-இல் ஒரு ஸ்லாட் சி.எஃப். எக்ஸ்பிரஸ், இன்னொன்று எஸ்.டி. இரண்டு வகைக் கார்டு வாங்க வேண்டும், முதல் வகை விலை கூடியது. உங்கள் கணினி எப்படிப்பட்டது என்று நீங்கள் எழுதவில்லை. நாலு வருடப் பழைய லேப்டாப் என்றால், ஆர்5 வாங்கிய மறுமாதம் அதையும் மாற்ற வேண்டியிருக்கும்.

சரி, ஆர்5-உம் 80டி-யும் சேர்ந்தால் என்ன குறை என்று கேட்கலாம். அந்த ஜோடியில் 80டி தோளில் தொங்காது. ஒரு மணி நேரத்தில் நீங்களே அதைப் பைக்குள் வைத்துவிடுவீர்கள். உங்கள் ஊர் வீட்டுக் கல்யாணங்களை யோசியுங்கள். முற்றத்தில் வெயில் கொட்டும், நாலு அடி தள்ளி வளவில் (முற்றத்தைச் சுற்றிய தாழ்வாரத்தில்) தூணுக்குப் பின்னால் இருட்டு. ஐஎஸ்ஓவை (வெளிச்சத்துக்குக் கேமரா காட்டும் உணர்திறனை) 3200, 6400 என்று வைக்காமல் முகம் வராது. ஆர்6-இன் சென்சார் பரப்பு 80டி-யைப்போல இரண்டரை மடங்குக்கு மேல். அதே இருட்டில் அதே ஐஎஸ்ஓவில் 80டி படம் புள்ளி புள்ளியாக வரும், ஆர்6 படம் தாங்கும். ஆல்பத்தில் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் வரும்போது வாடிக்கையாளருக்குக் காரணம் தெரியாது, ஆனால் கண்ணுக்குத் தெரிந்துவிடும்.

நிறமும் அப்படித்தான். இரண்டு தலைமுறைக் கேமரா ஒரே அரக்குப் பட்டுப் புடவையை இரண்டு சிவப்பாகக் காட்டும். ஒரே மாடல் இரண்டையும் ஒரே கெல்வின் (விளக்கின் நிறத்துக்கேற்ப வைக்கும் அமைப்பு) அளவில் வைத்தால் ஒரு படத்தில் செய்த திருத்தத்தை மற்றதில் அப்படியே ஒட்டலாம். நாலாயிரம் படத்தில் அது எத்தனை இரவுத் தூக்கம் என்று எடிட் செய்கிற உங்களுக்கே தெரியும்.

அதைவிட முக்கியம் கைப்பழக்கம். ஆர்6-உம் ஆர்6 மார்க் 2-உம் அண்ணன் தம்பிபோல இருக்கும். ஒன்று அது, ஒன்று இது என்று வாங்கத் தோன்றும். ஆனால் முதல் ஆர்6-இல் ஆன் ஆஃப் சுவிட்ச் இடது தோள்பட்டையில் இருக்கிறது. மார்க் 2-இல் அது வலது பக்கம் போய்விட்டது, இடது பக்கத்தில் இருப்பது ஃபோட்டோவிலிருந்து வீடியோவுக்கு மாற்றுகிற சுவிட்ச். இரண்டையும் தோளில் மாட்டிக்கொண்டு பரபரப்பில் நிற்கும்போது கை பழகின பக்கம்தான் போகும். ஆன் செய்கிறோம் என்று நினைத்து வீடியோவுக்கு மாற்றிவிட்டு, ஷட்டரை அமுக்கினால் எதிர்பார்த்தபடி படம் விழாது. தனித்தனியாக எடுத்தால் இரண்டுமே நல்ல அமைப்புதான், சேர்த்து வைத்தால்தான் தொல்லை. பணம் கூடுதலாக இருந்திருந்தால் மார்க் 2 இரண்டு வாங்குங்கள் என்று சொல்லியிருப்பேன். கலந்து வாங்குங்கள் என்று எப்போதும் சொல்லமாட்டேன்.

ஏன் கேனானிலேயே இருக்கச் சொல்கிறேன் என்றால், உங்கள் 50-உம் 85-உம் கேனான் அடாப்டர் போட்டால் ஆர்6-இல் குறையில்லாமல் வேலை செய்யும். 80டி பேட்டரியும் அதில் பொருந்தும் (தொடர்ந்து சுடுகிற வேகம் மட்டும் கொஞ்சம் குறையலாம்). அடாப்டர் இரண்டு வாங்குங்கள். ஒன்றை வைத்துக்கொண்டு மாற்றி மாற்றிப் போடுவது, இரண்டு பாடி வாங்கிய பலனையே கெடுத்துவிடும். 18-135 மட்டும் உதவாது. அது சின்ன சென்சாருக்கான லென்ஸ். ஆர்6-இல் மாட்டினால் கேமரா தானாக ஓரத்தை வெட்டிவிடும், 20 மெகாபிக்சலில் 8 கூட மிஞ்சாது. அதற்குப் பதிலாகப் பழைய 24-105 எஃப் 4 ஒன்று தேடுங்கள். 5டி வரிசையோடு கிட் லென்ஸாகவே வந்தது என்பதால் சந்தையில் நிறைய இருக்கிறது. வரவேற்பு மேடையில் பிளாஷோடு குரூப் எடுக்க அது போதும். இருட்டான வளவுக்கு எஃப் 4 உள்ளே விடும் வெளிச்சம் போதாது. அங்கே 50-ஐ மாட்டுங்கள். காசு வந்ததும் 35 எஃப் 2 வாங்கிக்கொள்ளலாம்.

நிக்கான், சோனி வைத்திருப்பவர்களும் இதே கேள்வியை எழுதியிருக்கிறீர்கள். உங்களுக்கும் வழி இதுதான்: இரண்டு ஸ்லாட் உள்ள ஒரே மாடலில் இரண்டு. நிக்கானில் இசட்5, இசட்6-இன் இரண்டாம் மாடல். (முதல் இசட்6 ஒரே ஸ்லாட், பார்த்து வாங்குங்கள்.) சோனியில் 2018-இல் வந்த ஏ7 மார்க் 3 இன்றைக்கும் நல்ல தேர்வு.

பழையது வாங்கும்போது பாடியில் இருக்கும் வரிசை எண்ணும் பில்லில் இருக்கும் எண்ணும் ஒன்றுதானா என்று முதலில் பாருங்கள். பில் இல்லாவிட்டால் வேண்டாம். உங்கள் கார்டு இரண்டைக் கொண்டுபோய் இரண்டு ஸ்லாட்டிலும் எழுதிப் பாருங்கள். பலர் ஒரு ஸ்லாட்டை மட்டும் பார்த்துவிட்டு வந்துவிடுகிறார்கள். உங்கள் பிளாஷை மாட்டி இருபது முப்பது தடவை அடித்துப் பாருங்கள். எஃப் 16 வைத்து வெள்ளைச் சுவரை எடுத்து, திரையில் பெரிதாக்கி ஓரத்திலிருந்து ஓரம் வரை நகர்த்துங்கள். தூசி என்றால் துடைத்துவிடலாம். நேர்கோடாக வண்ணக் கீறல் தெரிந்தால் அந்தக் கேமராவைத் தொடாதீர்கள். வரவேற்பில் டி.ஜே. போடுகிற லேசர் விளக்கு நேராக லென்ஸுக்குள் அடித்தால் சென்சார் எரிந்து இப்படிக் கோடு விழும். கல்யாண வேலையில் ஓடின கேமராவில் இது இருக்க வாய்ப்பு அதிகம். நீங்களும் லேசர் உள்ள மேடையில் கேமராவை அந்தப் பக்கம் திருப்பாதீர்கள். ஆர்6 ஷட்டர் 3 லட்சம் தடவைக்குச் சோதிக்கப்பட்டது என்று கேனான் சொல்கிறது, அதனால் மிதமாக ஓடின பாடியைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். விலை மாதத்துக்கு மாதம் மாறுகிறது. மதுரையிலும் திருச்சியிலும் நாலு கடை கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

வாடகைக்கு இன்றே சொல்லிவையுங்கள். நல்ல முகூர்த்த நாளில் எல்லோருக்கும் அதே கேமராதான் வேண்டும். ஏழு தேதியையும் எழுதிக்கொடுத்து முன்பணம் கட்டிவிடுங்கள். முதல் நாள் மாலையே எடுத்து வந்து, உங்கள் பாடியில் உள்ள அமைப்பு ஒவ்வொன்றையும் அதிலும் வையுங்கள். இரண்டின் கடிகாரத்தையும் நொடி பிசகாமல் ஒன்றாக்குங்கள். இதை விட்டுவிட்டால் எடிட் செய்யும்போது தாலி கட்டிய பிறகு மாலை மாற்றியதாக வரிசை வரும். இரண்டு பாடிக்கும் படத்தின் பெயர் முன்னெழுத்தைத் தனித்தனியாக வைத்தால், ஒரே எண்ணில் இரண்டு படம் வந்து ஒன்றின்மேல் ஒன்று விழாது.

மிரர்லெஸ்ஸுக்கு (80டி-யில் இருப்பதுபோல உள்ளே கண்ணாடி இல்லாத, ஆர்6 போன்ற கேமராவுக்கு) புதிதாக வருகிறீர்கள் என்பதால் ஒன்று. சத்தமே இல்லாத எலக்ட்ரானிக் ஷட்டர் ஆசை காட்டும். மண்டபத்தில் வேண்டாம். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், பல விளக்குகள் நொடிக்கு 100 தடவை மின்னி அணைகின்றன. எலக்ட்ரானிக் ஷட்டர் படத்தை வரி வரியாகப் படிப்பதால் முகத்தின் குறுக்கே கறுப்புப் பட்டை விழும். ஆர்6-இல் அந்த ஷட்டரோடு பிளாஷும் எரியாது. மெக்கானிக்கல் ஷட்டரில், விளக்கு மினுக்கும் இடத்தில் ஷட்டர் வேகத்தை நொடியில் நூறில் ஒன்றோ ஐம்பதில் ஒன்றோ வைத்து எடுங்கள். மேடைக்குப் பின்னால் எல்.இ.டி. சுவர் இருந்தால் அது தன் கணக்கில் மினுக்கும். வந்ததும் ஒரு படம் எடுத்துப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு வேலையை ஆரம்பியுங்கள்.

கண்ணைத் தேடிப் பிடிக்கிற ஃபோகஸ் உங்கள் போர்ட்ரெய்ட் வேலையைத்தான் அதிகம் மாற்றும். 85-ஐ எஃப் 1.8-இல் வைத்து ஓடுகிற குழந்தையை எடுத்தால்கூடப் பெரும்பாலும் கண் கூர்மையாக வரும். 80டி-யில் எத்தனை படம் இமையில் ஃபோகஸ் விழுந்து போயிருக்கும் என்று எனக்குத் தெரியும். ஆனால் கல்யாணக் கூட்டத்தில் அது பக்கத்து முகத்துக்குத் தாவும். அங்கே சின்னப் புள்ளி ஒன்றை வைத்து நீங்களே குறிவைப்பது நல்லது. போர்ட்ரெய்ட்டுக்குத் தனியாக வேறு பாடி தேவையே இல்லை. அந்தப் பணத்தில் ஒரு பெரிய சாஃப்ட்பாக்ஸும் தாங்கியும் இன்னொரு பிளாஷும் வாங்கினால், 45 மெகாபிக்சலில் கிடைக்காத மாற்றம் படத்தில் தெரியும்.

மார்கழியில் கல்யாணம் இல்லை. அந்த மாதம் முழுக்க ஆர்6-ஐ வீட்டில், கோயிலில், கடைத்தெருவில் எடுத்துக்கொண்டே இருங்கள். திரையைப் பார்க்காமல் ஐஎஸ்ஓ மாற்ற விரல் பழக வேண்டும்.

கடைசியாக 80டி. இப்போது விற்காதீர்கள். இரண்டாவது ஆர்6 சொந்தமாக வரும்வரை, வாடகைப் பாடியில் ஏதாவது ஆனால் அன்றைய தினத்தை முடிக்க அது வேண்டும். சார்ஜ் போட்டு, கார்டு போட்டு, 18-135 மாட்டிக் காரில் வைத்திருங்கள். பகல் வெளிச்சத்தில் அதற்கு ஒரு குறையும் இல்லை. சித்திரையில் இரண்டாவது ஆர்6 வாங்கிய பிறகு, லென்ஸோடு சேர்த்து யாராவது புதிதாகப் பழகுகிற பையனுக்குக் கொடுங்கள். விலை கொஞ்சம் குறைத்தே கொடுங்கள்.